அப்பாவின் டிராக்டருக்கு ஓர் அறை

சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரி மாதம். எங்கள் பகுதி வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் இறங்கியிருந்த நேரம். எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெப்பம் பரவும் மூன்று வழிகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதெல்லாம் நம்ம வீட்டுல எங்கெங்க நடக்குது?" என்று கேட்டேன். அடுப்பு, கரண்டி, தேநீர்க் குவளை என்று வழக்கமான விடைகள் வந்தன. கடைசி வரிசை மாணவன் ஒருவன் மட்டும் நோட்டின் பின்பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தான்.

அருகில் சென்று பார்த்தேன். டிராக்டர் படம். ஓட்டுநர் இருக்கையைச் சுற்றி நான்கு தூண்கள், மேலே கூரை, நான்கு புறமும் கண்ணாடி, இடப்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு சின்ன மின்விசிறி.

"என்னப்பா இது?"

"எங்க அப்பாவுக்கு ரூம் டீச்சர். வைக்கோல் கட்டுறப்ப தூசியெல்லாம் மூஞ்சிலேயே அடிக்குது. ராத்திரி பூரா இருமுறாங்க. பெரிய டிராக்டர்ல எல்லாம் இப்படி மூடித்தானே இருக்கு? நாமளே செஞ்சிடலாம்ல?"

அவன் அப்பா பழைய டிராக்டர் ஒன்றைக் கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டுபவர். குளிர்சாதன அறையோடு வரும் டிராக்டர்கள் நம் நாட்டிலும் விற்பனையில் இருக்கின்றன. அவர் கைக்கு அவை எட்டாதவை. பையனின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பாடப்புத்தகத்தில் இல்லாத, வீட்டிலிருந்து வந்த கேள்வி. "அருமை! இதையே மாதிரியாகச் செய்வோம்" என்று வகுப்பு முழுவதையும் அதில் இறக்கிவிட்டேன்.

அட்டைப்பெட்டியும் ஒளிபுகும் நெகிழித் தாளும் கொண்டு அழகான மாதிரி ஒன்று தயாரானது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று பள்ளியில் நடந்த கண்காட்சியில் அதை நடுமேசையில் வைத்தோம். பையனின் அப்பாவும் வந்திருந்தார். எல்லோர் முன்னிலையிலும், "உங்க பையன் பிரமாதமா யோசிச்சிருக்கான் அண்ணே" என்று சொன்னேன். அவர் தன் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பையன் ஓடிவந்தான். "டீச்சர், அப்பா பட்டறைல பைப் எடுத்துப் போட்டுட்டாங்க. நம்ம மாதிரி மாதிரியே செய்யப்போறாங்க!"

அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. அந்த மாதிரியில் நாங்கள் எதைச் சோதித்திருந்தோம்? எதையுமே இல்லை. ஒட்டினோம், வண்ணம் அடித்தோம், பாராட்டினோம். என் பாராட்டை நம்பி ஒருவர் காசு போட்டு, அதற்குள் உட்கார்ந்து வண்டி ஓட்டப்போகிறார்.

அன்று மாலையே வெல்டிங் பட்டறைக்குப் போனேன். சதுரப் பைப்புகளில் நான்கை ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தார்கள்.

"ஒரு பத்து நாள் பொறுங்க அண்ணே. பிள்ளைங்க இன்னும் சோதிச்சுப் பாக்கல. நானும் பாக்கல."

"நீங்கதானே டீச்சர் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். பாக்காம சொல்லிட்டேன். என் தப்புதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பட்டறைக்காரரிடம், "பத்து நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் வகுப்பிலும் அதையே சொன்னேன். "நாம மாதிரி செஞ்சோம். ஆனா அது சரியா வேலை செய்யுமான்னு கேக்கவே இல்ல. அதை இப்ப கேப்போம்." மாணவர்களே நான்கு கேள்விகளைப் பிரித்துக்கொண்டார்கள்: உள்ளே எவ்வளவு சூடாகும்? தூசி உண்மையிலேயே வராதா? உள்ளிருந்து எது தெரியாது? வண்டி சாய்ந்தால் என்ன ஆகும்?

முதல் சோதனை: உள்ளே எவ்வளவு சூடு?

ஒரே அளவுள்ள மூன்று பெட்டிகள். முதலாவது நான்கு புறமும் ஒளிபுகும் தாளால் மூடியது. இரண்டாவது நான்கு குச்சிகளின் மேல் தகரக் கூரை மட்டும். மூன்றாவதும் திறந்ததே, ஆனால் தகரத்துக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய பலகை. ஒவ்வொன்றிலும் ஆய்வக வெப்பநிலைமானி. அதன் குமிழில் நேரடியாக வெயில் படக்கூடாது என்பதற்காகச் சிறு அட்டையால் நிழல் கொடுத்தோம். இதை மறந்தால் காற்றின் வெப்பநிலை கிடைக்காது, குமிழ் வெயிலில் காய்ந்த அளவுதான் கிடைக்கும்.

நண்பகலில் இருபது நிமிடம் வைத்தோம். வெளியே நிழலில் 33 டிகிரி செல்சியஸ். திறந்த பெட்டிகள் இரண்டிலும் அதைவிட ஓரிரு டிகிரிதான் கூடுதல். மூடிய பெட்டியில் 47. மார்ச் மாதத் தொடக்கத்திலேயே இப்படி.

"ஏன்?" என்ற விவாதம்தான் அன்றைய உண்மையான பாடம். வெயில் ஒளிபுகும் தாளின் வழியே உள்ளே போகிறது. உள்ளிருக்கும் பொருள்களைச் சூடாக்குகிறது. அவை அருகிலுள்ள காற்றைச் சூடாக்குகின்றன. திறந்த பெட்டியில் சூடான காற்று மேலெழுந்து வெளியேற, புதுக்காற்று உள்ளே வருகிறது. மூடிய பெட்டியில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. கண்ணாடியாக இருந்தால், உள்ளிருக்கும் சூடான பொருள்கள் வெளிவிடும் வெப்பக்கதிர்களில் பெரும்பகுதியையும் அது வெளியே விடாது. வண்டியில் இதற்கு மேல் எஞ்சின் சூடும், காலடியில் கியர் பெட்டியின் சூடும் சேரும்.

திறந்த பெட்டிகள் இரண்டிலும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கூரையின் அடியில் புறங்கையைக் காட்டிய மாணவி ஒருத்தி, "டீச்சர், தகரத்துக்குக் கீழே சுடுது, பலகைக்குக் கீழே சுடல" என்றாள். வெப்பக்கதிர்வீச்சை அவள் தொடாமலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

இரண்டாம் சோதனை: தூசி வராதா?

பையன் படத்தில் வரைந்திருந்த பின்பக்க விசிறி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதற்கு. நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பழுதான கணினியிலிருந்து எடுத்த 12 வோல்ட் விசிறியைப் பெட்டியின் ஒரு பக்கம் பொருத்தினோம். மற்றப் பக்கங்களில் ஊசியால் பத்துப் பதினைந்து துளைகள். வீட்டில் செய்யும் எந்த அறையிலும் கதவிடுக்கு, மிதிகட்டை அசையும் இடம், பலகை இடுக்கு என்று துளைகள் இருந்தே தீரும்.

விசிறி காற்றை வெளியே தள்ளும்படி வைத்து, துளைகளின் அருகே ஊதுபத்தியைக் காட்டினோம். புகை ஒவ்வொரு துளை வழியாகவும் கம்பி போல உள்ளே பாய்ந்தது. வகுப்பே "ஓ!" என்றது. உள்ளே அழுத்தம் குறைந்தால் வெளிக்காற்று கிடைத்த வழியிலெல்லாம் நுழையும். வைக்கோல் தூசியும் சைலன்சர் புகையும் அப்படித்தான் நுழையும்.

விசிறியைத் திருப்பி, காற்றை உள்ளே தள்ளும்படி வைத்தோம். இப்போது துளைகளின் அருகே காட்டிய புகை வெளிப்பக்கமாக விலகி ஓடியது. தொழிற்சாலையில் செய்யப்படும் அறைகளின் அடிப்படையும் இதுதான்: வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தி, உள்ளழுத்தத்தை வெளியைவிடச் சற்று அதிகமாக வைப்பது. ஆனால் விசிறி இழுக்கும் காற்றே தூசியாக இருந்தால் என்ன பயன்? விசிறியின் மேல் வேட்டித் துணியைக் கட்டிப் பார்த்தார்கள். முகப்பவுடரில் பெரும்பகுதியைத் துணி தடுத்தது, ஊதுபத்திப் புகையைத் தடுக்கவில்லை. வடிகட்டி என்பது வெறும் துணி அல்ல, எவ்வளவு நுண்ணிய துகளைத் தடுக்கிறது என்பதே அதன் அளவுகோல் என்று புரிந்தது.

மூன்றாம் சோதனை: உள்ளிருந்து எது தெரியாது?

தலைமையாசிரியரின் அனுமதியுடன் ஒரு சனிக்கிழமை டிராக்டரையே பள்ளி மைதானத்துக்கு வரவழைத்தோம். எஞ்சின் நிறுத்தம், கைபிரேக் போட்டாயிற்று, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், சாவி என் கையில். இவை நான்கும் உறுதியான பிறகே பிள்ளைகளை அருகில் விட்டேன்.

பையனின் அப்பா இருக்கையில் அமர்ந்தார். படத்தில் உள்ள தூண்களின் இடத்தில் அகலமான அட்டைப் பட்டைகளை மாணவர்கள் நிறுத்திப் பிடித்தார்கள். கதவின் கீழ்ப்பாதித் தகரத்துக்கும் ஓர் அட்டை. ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தான். அவர் "தெரியல" என்று சொல்லும் இடத்தில் அவன் நிற்க, இன்னொருவர் அங்கே சுண்ணாம்புத்தூள் போடவேண்டும். "தெரியுது" என்றதும் அந்தக் கோடு முடியும்.

அட்டைகள் இல்லாதபோது சுண்ணாம்பு விழுந்த இடங்கள் மிகச் சில. அட்டைகளை நிறுத்தியதும் பின்சக்கரங்களின் ஓரத்தில் பெரிய வெள்ளைப் பட்டைகள் விழுந்தன. ஒரு கட்டத்தில் அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, "டீச்சர், பையன் எங்க நிக்கிறான்?" என்று கேட்டார். பின்சக்கரத்தை ஒட்டி, கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தான்.

அவர் கீழே இறங்கி அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "களத்துல எப்பவும் சின்னப் பிள்ளைங்க சுத்திக்கிட்டே இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நான்காம் சோதனை: சாய்ந்தால் என்ன ஆகும்?

கணித ஆசிரியர் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டார். முதலில் எடை. கண்ணாடியின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 2500 கிலோ. அப்படியானால் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. படத்தின்படி 6 சதுர மீட்டர் தேவை. கண்ணாடி மட்டுமே 75 கிலோ. பைப், தகரம், கதவு எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவை நெருங்கும் என்றார் பட்டறைக்காரர்.

கணக்குக்காகச் சில அளவுகளை எடுத்துக்கொண்டோம். டிராக்டர் 2000 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில். அறை 200 கிலோ, அதன் மையம் 165 செ.மீ. உயரத்தில்.

(2000 × 75 + 200 × 165) ÷ 2200 = 83 செ.மீ. (ஏறத்தாழ)

ஈர்ப்பு மையம் 8 செ.மீ. மேலே போகிறது. பின்சக்கரங்களின் இடைவெளியில் பாதி 75 செ.மீ. என்று கொண்டு, அளவுத்திட்டப்படி முக்கோணம் வரைந்து, பாகைமானியால் அளந்தார்கள். அறை இல்லாமல் 45 டிகிரி வரை சாயத் தாங்கும் வண்டி, அறையோடு 42 டிகிரியிலேயே பக்கவாட்டில் கவிழும்.

"மூணு டிகிரிதானே சார்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. இது அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. வரப்பு ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கினால், வேகமாகத் திரும்பினால், முன் அச்சு நடுவில் அசையும்படி பொருத்தப்பட்டிருப்பதால், அந்த எல்லை முன்பே வந்துவிடும். ஏற்கெனவே குறுகிய எல்லையில் மூன்று டிகிரி பெரியதுதான். மரக்கட்டையின் மேல் களிமண்ணை ஏற்றிப் பலகையில் சாய்த்துப் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "வண்டி இடப்பக்கம் விழுந்தா கதவு அடியில போயிடும். அப்புறம் அவங்க எப்படி வெளிய வருவாங்க?"

யாரிடமும் பதில் இல்லை. படத்தில் ஒரே ஒரு கதவுதான் இருந்தது.

கூரை வேறு, காப்பு வேறு

இந்த இடத்தில்தான் நானும் புதிதாகக் கற்றுக்கொண்டேன். நிழலுக்காகப் போடும் கூரையும், கவிழ்ந்தால் உயிரைக் காக்கும் சட்டகமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் காப்புச் சட்டகம் டிராக்டரின் பின் அச்சு உறையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டு, குறிப்பிட்ட விசையைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்பட்டது. அதோடு இருக்கைப் பட்டையும் சேர்ந்தால்தான் பயன் முழுமையாகும். மட்கார்டின் மெல்லிய தகட்டில் போல்ட் போட்டு நிறுத்தும் பைப்புகள், 2000 கிலோ வண்டி புரளும்போது மடங்கிவிடும். ஓட்டுநர் அதற்குள் சிக்கிக்கொள்வார். காப்புச் சட்டகம் இல்லாத வண்டியில் இருக்கைப் பட்டை மட்டும் போட்டுக்கொள்வதும் ஆபத்து. சேற்றில் சக்கரம் மாட்டி முன்பக்கம் தூக்கும்போது, வண்டி பின்னோக்கிப் புரள இரண்டு நொடிகூட ஆகாது. குதித்துத் தப்பலாம் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

புதிய டிராக்டர்களில் இந்தச் சட்டகம் கட்டாயம் என்று 1959-இல் சுவீடன் விதித்தது. அதன் பிறகு அங்கே கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரு வகுப்பு எடுத்தார். 1938-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ்-மோலைன் நிறுவனம், மூடிய அறையோடு டிராக்டர் ஒன்றை வெளியிட்டது. அதில் அறையைச் சூடாக்கும் கருவியும் இருந்தது. அது விலை அதிகம் என்று மிகச் சிலரே வாங்கினார்கள். வாங்க முடியாத குளிர்நாட்டு உழவர்கள் கித்தான் துணியை எஞ்சினின் இருபுறமும் கட்டி, எஞ்சின் சூட்டைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அதே சூட்டை நாம் விரட்டப் பார்க்கிறோம். உறைபனியில் பிறந்த தீர்வு, டெல்டா வெயிலுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. தட்பவெப்பநிலை மனிதர்களின் கருவிகளை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

முடிவு

பத்தாவது நாள் அப்பாவை வகுப்புக்கே அழைத்தோம். மாணவர்கள் நான்கு அட்டைகளில் முடிவுகளை எழுதிப் படித்துக் காட்டினார்கள். மூடிய அறை வேண்டாம் என்று யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. அளவுகளைச் சொன்னார்கள். முடிவை அவரே எடுத்தார்.

எடை குறைந்த இரட்டைக் கூரை. நான்கு புறமும் திறப்பு. மழைக்கு மட்டும் இறக்கிவிட, மேலே சுருட்டிக் கட்டக்கூடிய தார்ப்பாய். கூரையையும் வண்டி நிறுவனத்தின் முகவரிடம் காட்டிக் கேட்ட பிறகே பொருத்துவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது. தூசிக்கு இப்போதைக்கு என்-95 முகக்கவசம். இருமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்ப்பது. இந்தக் கடைசி வரியைச் சேர்த்தது அவர் மகன்.

அறுத்த நான்கு பைப்புகளைப் பட்டறைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் செலவு அவருடையதாயிற்று. அதற்கு ஒரு பங்கு தருகிறேன் என்றேன். "வேணாம் டீச்சர். முழுசா செஞ்சு முடிச்சிருந்தா இன்னும் எவ்வளவு போயிருக்கும்" என்றார். ஆனாலும் அது என் மனதில் உறுத்தலாகவே இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. மைதானத்தில் விழுந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்த பிறகு, மட்கார்டில் உட்கார்ந்து போவதில்லை என்று எங்கள் எட்டாம் வகுப்பு தானாகவே முடிவு செய்தது. பாதுகாப்பு பற்றி நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தச் சுண்ணாம்புத்தூள் செய்ததை என் பேச்சு செய்ததில்லை.

உங்கள் வகுப்பில் செய்ய

இதற்கு டிராக்டர்தான் வேண்டும் என்பதில்லை. ஆட்டோவின் கூரை, ஆட்டுக் கொட்டகை, மீன்பிடிப் படகின் நிழற்பந்தல், அம்மாவின் தையல் இயந்திர மேசை என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

• மாதிரி செய்வதற்கு முன்பே, அதை எப்படிச் சோதிப்போம் என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

• ஒரு சோதனையில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று பெட்டிகளின் அளவு வேறுபட்டிருந்தால் எங்கள் வெப்பச் சோதனைக்குப் பொருளே இருந்திருக்காது.

• அந்தப் பொருளை நாள்தோறும் பயன்படுத்துபவரை வகுப்புக்கு அழையுங்கள்.

• உண்மையான வண்டி, கருவி எதுவானாலும் இயக்கத்தை நிறுத்தி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

• "அருமை" என்று சொல்வதற்கு முன், "இதில் எதை அளந்தாய்?" என்று கேளுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியரின் வாய்ச்சொல்லை நம்பிக் காசைச் செலவழிக்கும் பெற்றோர் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணினி விசிறி பொருத்திய அந்தப் பெட்டியை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். வேட்டித் துணி, பஞ்சு, காப்பி வடிகட்டும் துணி என்று ஒவ்வொன்றாகக் கட்டி, எது எவ்வளவு பவுடரை நிறுத்துகிறது என்று தராசில் எடை போட்டு எழுதி வருகிறான். நோட்டின் பின்பக்கத்தில் இப்போது டிராக்டர் படம் இல்லை. அந்த அட்டவணைதான் இருக்கிறது.